மூன்றாவது ஹோஸ்

அண்ணனின் டர்போ ரேஸ் காரில் மூன்றாவது தடவையாகக் இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடும் கூலன்ட் ஹோஸ் வெடித்திருந்தது. மெக்கானிக்கான தங்கை புது ஹோஸை மாட்டி, தண்ணீர் ஊற்றி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்தபடியே இன்ஜினை ஓடவிட்டாள். சூடேறும் முன்பே தண்ணீரில் குமிழிகள் கொப்பளித்தன.

“ஹோஸ் மேல தப்பில்லண்ணா. டர்போ அழுத்தம் தாங்காம இன்ஜின் பிளாக்கே விரிசல் விட்டிருக்கு. எரிஞ்ச வாயு தண்ணிக்குள்ள புகுந்து ஹோஸை வெடிக்க வைக்குது.”

“சும்மா பயமுறுத்தாத. நாளைக்கு ரேஸ். இன்னும் தடிமனா ஒண்ணு போடு.”

“எதைப் போட்டாலும் வெடிக்கும். இந்த இன்ஜின் இனி தேறாது.”

அவன் அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டான். ரேஸை விட்டால் அவனுக்கு வேறு போக்கிடமில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

“அப்போ அவ்வளவுதானா?” என்றான்.

அவள் இன்ஜினை அணைத்தாள். பிறகு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.