கோடு நகரக் கூடாது

அக்காவின் கணவர்தான் எங்கள் பிரிவுக்குத் தலைவர். குறைமாதக் குழந்தைகளை வைக்கும் கதகதப்புப் பெட்டிக்கு அவர் வடிவமைத்த பவர் சப்ளை அன்று சோதனைக்கு வந்திருந்தது. ஏற்கெனவே இரண்டு போர்டு சொதப்பியாயிற்று. இதுவும் தேறாவிட்டால் வேலை வேறு குழுவுக்குப் போய்விடும். வாங்குகிறவர்கள் மதியம் வருகிறார்கள். இத்தனை சீனியர்கள் இருக்க, அளந்து கையெழுத்துப் போடும் பொறுப்பை அத்தான் என்னிடம் கொடுத்திருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வோல்டேஜ் ஏறி இறங்கினால் இந்த சர்க்யூட் தானே சரிசெய்துகொள்ளும். நிதானமாகச் செய்கிறதா, தள்ளாடுகிறதா என்று பார்க்க உள்ளே ஒரு சிக்னலை விட்டு ஆட்டிப் பார்ப்போம். சிக்னல் ரொம்பச் சின்னதென்றால் நாய்ஸ் என்கிற இரைச்சலில் காணாமல் போகும். பெரிதென்றால் சர்க்யூட் திணறிப் பொய் சொல்லும்.

அத்தான் வைத்துவிட்டுப் போன சிக்னல் அளவில் திரையில் கோடு வழவழவென்று வந்தது. தள்ளாட்டத்துக்கு எவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறது என்று சொல்லும் மார்ஜின் ஐம்பத்தெட்டு டிகிரி. நாற்பத்தைந்தே போதும். சந்தோஷப்பட வேண்டியதுதானே? எழுந்தேன், தண்ணீர் குடித்தேன், திரும்ப உட்கார்ந்தேன். இவ்வளவு அழகான கோட்டை நான் நம்புவதில்லை.

சிக்னலைப் பாதியாக்கினேன். அளவு சரியென்றால் கோடு இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். நகர்ந்தது. மறுபடி பாதி. மறுபடி நகர்ந்தது. கடைசியில் ஒருவழியாக அசையாமல் நின்றபோது மார்ஜின் இருபத்தொன்பது.

அத்தான் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன, கோழி கிளறின மாதிரி இருக்கு? சிக்னலை ஏத்து."

"ஏத்தினா பொய் சொல்லுது அத்தான்."

"வெறும் நாய்ஸ்மா."

"நாய்ஸ் இடது ஓரத்துலதான். மார்ஜின் எடுக்கிற இடம் சுத்தமா இருக்கு, பாருங்க."

சப்ளையிலிருந்து கரண்ட் இழுக்கும் லோடைச் சட்டென்று ஏற்றிக் காட்டினேன். வோல்டேஜ் துள்ளித் துள்ளி வெகுநேரம் கழித்தே அடங்கியது. அவர் முகத்தில் ஆச்சரியம் துளியும் இல்லை.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

அவர் கதவைச் சாத்தினார். "நேத்தே தெரியும்."

"அப்புறம் எதுக்கு என்னை அளக்கச் சொன்னீங்க?"

"நீ கண்டுபிடிக்க மாட்டேன்னு நினைச்சேன்."

அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"அக்காவைக் கொஞ்சம் நினைச்சுப் பாரு" என்றார் மெல்ல.

நினைத்தேன். அழுகை வந்தது. இருபத்தொன்பது என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெளியே வாங்குகிறவர்களின் கார் வந்து நின்றது. தாளை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"நீங்க கொடுக்கறீங்களா சார், நான் கொடுக்கட்டுமா?"