முதுகுப்பை மட்டும் கொண்டு வா

ஜெர்மனியின் எசன் நகரில் இருக்கும் அந்த விளையாட்டுச் சாமான் கடையின் இரண்டாம் மாடியில், ஒரு சுவர் முழுக்க முதுகுப்பைகள் தொங்கின. கவிசா அரை மணித்தியாலமாக அவற்றின் முன்னால் நின்றாள். பாலங்களுக்குப் பாரக் கணக்குப் போடும் பொறியியலாளர். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் எடுத்தவள். முந்நூறு தொன்னைத் தாங்கும் தூணுக்கு எவ்வளவு கம்பி வேண்டும் என்று சொல்லிவிடுவாள். ஒரு பையைத் தெரிவு செய்யத் தெரியவில்லை.

இருபது லீற்றரா, முப்பத்திரண்டா? ஒன்றில் பனிச்சறுக்குக் கட்டைகளைக் குறுக்காகக் கொளுவலாம், இன்னொன்றில் இரு பக்கமும் நிமிர்த்திக் கட்டலாம். ஒன்றுக்குள் முதுகெலும்பைக் காக்கும் தகடு. இன்னொன்றில் ஒரு சிவப்புக் கைப்பிடி; இழுத்தால் காற்றுப்பை ஊதிப் பெருத்து, பனிச்சரிவில் ஆளை மேலே வைத்திருக்குமாம். அப்படி மேலே வைத்திருக்க வேண்டிய அளவுக்கு அங்கே என்ன நடக்கப்போகிறது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் அவள்தான். மூன்று கிழமைக்கு முன், மதியச் சாப்பாட்டு மேசையில் பிரிவுத் தலைவர் பீலிக்ஸ், பனியில் ஸ்கீ ஓடுவாயா என்று கேட்டபோது, கொஞ்சம் என்று சொல்லிவிட்டாள். அந்தக் கொஞ்சத்துக்குள் ஒன்றுமே இல்லை. ஆனால் வேலையில் அவளுடைய ஆறு மாதச் சோதனைக்காலம் முடியப் போகிறது. அவளை வைத்திருப்பதா அனுப்புவதா என்று முடிவெடுப்பவர் இதே பீலிக்ஸ். அலுவலகத்தில் எல்லோரும் ஒரு சனிக்கிழமை பனிமலைக்குப் போகிறோம், கட்டை, சப்பாத்து, தலைக்கவசம் எல்லாம் அங்கே வாடகைக்குக் கிடைக்கும், முதுகுப்பை மட்டும் கொண்டு வா என்றார்.

இந்த நாட்டில் சிலருக்குப் பால்பல்லும் சறுக்குக் கட்டையும் ஒரே வருடத்தில் முளைக்கின்றன. எட்டாம் வகுப்பில் எல்லோரும் பனிமலைக்குப் போனபோது, போக வசதியில்லாத மூன்று பிள்ளைகளைப் பக்கத்து வகுப்பில் கொண்டுபோய் இருத்தினார்கள். ஐந்து நாளும் கடைசி வாங்கில் இருந்து கணக்குச் செய்தவர்களில் இவளும் ஒருத்தி. அதை அந்தச் சாப்பாட்டு மேசையில் எப்படிச் சொல்வது?

எந்தப் பை நல்லது என்று அலுவலகத்தின் கைபேசிக் குழுவில் கேட்டுப் பார்த்தாள். எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது என்று ஒருத்தி எழுதினாள். முப்பதுக்குக் கீழே வாங்காதே என்று இன்னொருவர். உனக்கு எது பழக்கமோ அது என்று பீலிக்ஸ்.

போதாக்குறைக்கு அம்மாவும் வந்திருந்தாள். விடுதியொன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்யும் ஜெயமலருக்குப் பை என்றால் ஊருக்குக் கொண்டுபோகும் பைதான். ஒரு பையின் ஸிப்பை மூன்று தரம் இழுத்துப் பார்த்தாள், ஒற்றை விரலில் தூக்கிப் பார்த்தாள்.

"உதுக்குள்ள ஒரு கிலோ மா கூட வைக்க ஏலாது. அங்கால பெரிசு ஒண்டு கிடக்கு, முப்பது கிலோ தாராளமாக் கொள்ளும்."

"நான் யாழ்ப்பாணம் போகேல்லை அம்மா."

"எங்கை போனாலும் சாப்பிடத்தானே வேணும்."

விற்பனைப் பெண் வந்தாள். சறுக்கும் ஓடுபாதையிலா, பாதைக்கு வெளியிலா என்று விசாரித்தாள். கவிசா இரண்டிலும் என்றாள். அப்படியென்றால் பனி அள்ளும் சவளும் தேடுகருவியும் இருக்கிறதா என்று அடுத்த கேள்வி வந்தது. சவள் எதற்காம் என்று அம்மா கேட்டாள். பனிக்குள் புதைந்தவர்களைக் கிண்டி எடுக்க என்று கவிசா தமிழில் சொன்னாள்.

ஜெயமலர் மகளை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். பிறகு தன் சலவைக்கூட ஜெர்மனில், இலக்கணத்தைப் பற்றிக் கவலைப்படாமல், அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னாள்: மகளுக்குச் சறுக்கத் தெரியாது, ஒருநாளும் சறுக்கியதில்லை, தெரியாதவர்களுக்கு எந்தப் பை?

"உங்களை ஆர் கேட்டது?" கவிசாவின் காது சுட்டது.

"நான் என்ன, இல்லாததையே சொன்னனான்?"

விற்பனைப் பெண் சிரிக்கவில்லை. தொடங்குகிறவர்களுக்குப் பையே வேண்டாம் என்றாள். பாரம் பின்னால் இழுத்து விழுத்திவிடும், மலைக்கு ஏற்றும் கதிரைத் தூக்கியில் பையின் பட்டி சிக்கும். கைபேசியும் மூக்குத் துடைக்க ஒரு லேஞ்சியும் சட்டைப் பைக்குள் போதும்.

கையில் எடுத்து வைத்திருந்த பையைக் கவிசா பார்த்தாள். இதை முதுகில் போட்டுக்கொண்டு நின்றால், மேலே வா என்று பீலிக்ஸ் கூப்பிடும்போது மாட்டேன் என்று சொல்ல முடியாது. கோபம் வந்தது. அம்மாவிலா, பீலிக்ஸிலா, எட்டாம் வகுப்பு ஆசிரியரிலா என்று பிடிபடவில்லை. கைபேசியை எடுத்துக் குழுவிலேயே எழுதினாள்: எனக்கு ஸ்கீ ஓடத் தெரியாது, கொஞ்சம் என்று சொன்னது பொய். மனம் மாறுமுன் அனுப்பினாள்.

ஒரு நிமிடத்தில் பீலிக்ஸிடமிருந்து நிமிர்ந்த பெருவிரல் படமொன்று வந்தது. வேறொன்றும் இல்லை.

"என்னவாம்?"

"பெருவிரலைக் காட்டியிருக்கிறார்."

"அது நல்லதோ?"

"தெரியேல்லை அம்மா."

உண்மையாகவே தெரியவில்லை. பரவாயில்லை என்றும் எடுக்கலாம், பார்த்துக்கொள்கிறேன் என்றும் எடுக்கலாம். வேலை மிஞ்சுமோ இல்லையோ, சனிக்கிழமை எல்லோர் முன்னாலும் விழத்தான் போகிறாள். கை விறைக்காமலாவது விழலாம். பையைத் திரும்பச் சுவரில் மாட்டிவிட்டு, கையுறைகள் எந்தப் பக்கம் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள்.