ராசாத்தியின் இடது கண்

சேலம் அம்மாபேட்டை நெசவாளி சரவணமுத்துவிடம் இறந்துபோன மனைவி ராசாத்தியின் முகம் ஒரே ஒரு படத்தில்தான் மிஞ்சியிருந்தது. சேலத்தில் கொட்டகை போட்டிருந்த நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுத வந்த ஓவியர் ஒருவர் பக்கத்து வீட்டில் தங்கினார். நாற்பது நாள் ராசாத்தி கையால் சாப்பிட்டார். கிளம்பும் முன், ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தவளை எண்ணெய் வண்ணத்தில் எழுதிக் கொடுத்தார். மறு வருஷம் வாந்திபேதி அவளைக் கொண்டுபோயிற்று. பிள்ளைகள் இல்லை.

எட்டு வருஷம் கழித்து, 1938 மழைக்காலத்தில், படத்தின் சட்டத்தில் கரையான் ஏறியது. செவ்வாய்ப்பேட்டையில் சட்டம் போடும் காளியண்ணனிடம் கொடுத்தார். பத்து நாள் என்றவன் இருபது நாள் இழுத்தடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்து சுவரில் மாட்டி, எதிரே உட்கார்ந்தார். அதே சேலை, அதே ராட்டை. ஆனால் அது அவள் இல்லை. ராசாத்திக்கு இடது கண் லேசான மாறுகண். படத்திலிருந்தவளின் இரண்டு கண்ணும் நேராகப் பார்த்தன.

எதிர்வீட்டில் இருந்த அக்கா மயிலம்மாளைக் கூட்டிவந்து காட்டினார்.

"மாறுகண்ணா? ராசாத்திக்கா?" மயிலம்மாள் உற்றுப் பார்த்தாள். "எனக்கு அப்படியொண்ணும் நெனவில்லையே சாமி. லட்சணமாத்தானே இருக்குறா."

காவல் நிலையத்தில் ஏட்டு படத்தைப் புரட்டிப் பார்த்தார். "குடுத்த படம் கைக்கு வந்துருச்சு. அப்புறம் எங்கய்யா திருட்டு?"

தெருவில் நாலைந்து பேரிடம் கேட்டார். ஒருவருக்கும் அந்தக் கண் ஞாபகமில்லை. ஒரு வாரம் தறியில் உட்காரவில்லை. தனக்கே புத்தி தடுமாறிவிட்டதோ என்றுகூட நினைத்தார். கடைசியில் படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு காளியண்ணன் கடைக்குப் போனார்.

"இது என் பொண்டாட்டி இல்ல," என்றார்.

காளியண்ணன் முதலில் சத்தம் போட்டான். அவர் நகராமல் நிற்கவே, குரலைத் தாழ்த்தினான்.

"மெட்ராசுலருந்து ஒருத்தர் வந்தாருங்க. படத்துல இருந்த கையெழுத்தப் பாத்துட்டு விட மாட்டேன்னுட்டாரு. அந்த ஓவியருக்கு இப்பப் பெரிய பேராமுங்க. அவருக்கு விக்கறதுக்கு முன்னால நகல் எழுத ஆளு வெச்சேன். கண்ணு கோணலா இருந்துச்சு, எழுதுனவரு தப்புப் பண்ணிட்டாருன்னு நெனச்சு நான்தானுங்க நேராக்கச் சொன்னேன்."

சரவணமுத்துவின் கை அவன் சட்டையைப் பிடித்திருந்தது. பிடி தளர்ந்தது.

"எந்தக் கண்ணு?"

"இடது கண்ணுங்க. மூக்குப் பக்கமாக் கொஞ்சம் சாஞ்சிருந்துச்சு."

"ஆமா," என்றார் அவர். "கோவம் வந்தா இன்னும் சாயும்."

அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்து, தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். காளியண்ணன் சுத்தியலைக் கீழே வைத்தான்.

வாங்கியவர் ரயிலேறிப் போய்விட்டார். காளியண்ணன் போட்ட இரண்டு கடிதங்களுக்கும் பதிலே வரவில்லை. நகலைச் சரவணமுத்து திரும்ப எடுத்துப்போகவில்லை.

நூல் வாங்கச் செவ்வாய்ப்பேட்டை போகும் நாட்களில் அவர் கால் அந்தக் கடைக்கே போயிற்று. திருடியவன் கடையில் போய் உட்காருவது மானக்கேடு என்று மயிலம்மாள் திட்டினாள். அது அவருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கண் நினைவிலிருந்த வேறு ஆள் ஊரில் இல்லை. காளியண்ணன் முக்காலியை நகர்த்திப் போடுவான். சற்று நேரம் இருந்துவிட்டு, நூல் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவர் வீட்டுக்கு நடப்பார்.