குமுதாவின் பிளந்த உதடு

லோகேஸ்வரி தஞ்சோங் காராங்கில் ஒரு பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுப்பவள். ஞாயிறுதோறும் சுங்கை பஞ்சாங் பக்கமுள்ள, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்துக்குப் போய், கோயில் மண்டபத்தில் பெண்களை உட்காரவைத்துக் கரித்துண்டால் வரைவாள். வரையும்போது எல்லாரிடமும் ஒரே கேள்வி கேட்பாள்.

"பொம்பளையா இருக்கிறதுன்னா உங்களுக்கு என்ன?"

பலர் சிரித்து மழுப்பினார்கள். உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கியே முதுகு வளைந்துபோன சின்னம்மா என்ற கிழவி மட்டும் உடனே சொன்னாள். "தாங்கிக்கிறதுதான் லா. வேற என்ன?" புருஷன் சாகும்வரை அவன் அடியைத் தாங்கியவள் அவள்.

அடுத்த வாரம் அவளுடைய மகன் தனபாலனின் மனைவி குமுதா வந்து உட்கார்ந்தாள். இடது கண் வீங்கி மூடியிருந்தது. கீழுதடு பிளந்து ரத்தம் காய்ந்திருந்தது. லோகேஸ்வரி கரித்துண்டைக் கீழே வைத்தாள்.

"தனபாலனா?"

"சோறு ஆறிப்போச்சாம். மூஞ்சிய கதவுல வச்சு நசுக்குனாரு."

"இன்னொரு நாள் வரையலாம் குமுதா."

"இப்பவே வரைங்கக்கா. ஒண்ணையும் மறைக்காதீங்க. உங்க கேள்விக்குத்தான் பதில் தெரியல. அடி வாங்காத நாள்ல யோசிச்சுச் சொல்றேன்."

அந்தப் படமும் மற்ற படங்களோடு மண்டபத்துச் சுவரில் ஏறியது. செய்தி தனபாலன் காதுக்குப் போக அதிக நாள் ஆகவில்லை.

மறு ஞாயிறு காலை, பெண்கள் கூடியிருந்தபோது அவன் மோட்டார் சைக்கிளை வாசலில் சாய்த்துப் போட்டுவிட்டுப் பாராங் கத்தியோடு உள்ளே வந்தான்.

"எம் பொண்டாட்டிய ஊருக்கே காட்டுறியா?"

குமுதாவின் படத்தை ஒரே வீச்சில் கிழித்தான். தடுக்கப் போன லோகேஸ்வரியின் உள்ளங்கை பிளந்தது. குமுதாவை மயிரைப் பிடித்து இழுத்து அவள் தலையைத் தூணில் மோதினான். அவள் சரிந்து விழுந்தாள். பிறகு சுவரோரமாகவே நடந்து, மற்ற படங்களையும் முகம் முகமாக வெட்டிக்கொண்டே போனான். சின்னம்மாவின் முகம் வந்தபோது கத்தி ஒரு கணம் நின்றது. நெற்றியிலிருந்து மோவாய்வரை அதையும் கிழித்தான்.

"டேய், நிறுத்துடா!" என்று சின்னம்மா கத்தினாள். அவன் குமுதாவின் பக்கம் திரும்பிக் கத்தியை ஓங்கினான்.

சின்னம்மா இரும்பு நாற்காலியைத் தூக்கி அவன் கையில் இறக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அவன் அலறிக்கொண்டு விழுந்தான். அவள் விடவில்லை. முதுகில், தோளில், மறுபடி அந்தக் கையிலேயே அடித்தாள். நாலு பேர் சேர்ந்து இழுத்த பிறகே நாற்காலி அவள் பிடியிலிருந்து விழுந்தது.

"படத்தக் கிழிச்சதுக்கா பெத்த பிள்ளைய அடிச்சீங்க?" என்று விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் கேட்டார்.

"படமா? அவன் இவ கழுத்தப் பாத்தான் அய்யா. எங்க வீட்டு ஆளும் அப்படித்தான் பாப்பாரு."

குமுதா தலையில் கட்டோடு சுங்கை ஆயர் தாவாரிலிருந்த தன் அக்காள் வீட்டுக்குப் போனாள். லோகேஸ்வரி தையல் பிரிக்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது, போலீஸ் காவலோடு கிடந்த தனபாலனுக்குச் சின்னம்மா மீன் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"கோர்ட்டுல சொல்லாதம்மா," என்று அவன் அழுதான்.

"சொல்லுவேன்," என்றாள் அவள். "முள்ளு இருக்கும், பாத்து மெல்லு."