பிரேக் இல்லாத சைக்கிள்

நவாலை நேற்று கவிழ்த்தது ஒரு நல்ல பிரேக். கெட்ட பிரேக்காக இருந்திருந்தால் அவள் மானம் தப்பியிருக்கும்.

எகிப்தின் ஷுப்ரா பேட்டையில் மெத்வல்லியின் ரொட்டிக்கடையிலிருந்து ரொட்டி சுமப்பவள் அவள். ஈச்ச மட்டையால் கட்டிய கதவு அகலத் தட்டு தலையில், தட்டின் மேல் சுடச்சுட இருநூறு ரொட்டி, தாங்க ஒரு கை, சைக்கிளை ஓட்ட ஒரு கை. கணவன் முதுகு பிடித்துப் படுத்த வருடம் அவன் தட்டைத் தன் தலைக்கு மாற்றிக்கொண்டாள். ஆறு மாதம் தெரு சிரித்தது. பிறகு வாயை மூடிக்கொண்டு வழிவிட்டது. நேற்று வரைக்கும் நான்கு வருடத்தில் ஒரு ரொட்டி கீழே விழுந்ததில்லை என்று அவளே சொல்லுவாள். சொல்லட்டும், உண்மைதானே.

அவளுடைய பழைய சைக்கிளில் பிரேக் கிடையாது. ரப்பர் செருப்பை முன்சக்கரத்து டயரில் மெல்ல வைப்பாள். வண்டியின் வேகம் தயங்கித் தயங்கிக் குறையும், ரொட்டியின் வேகமும் கூடவே குறையும். இந்தச் சமயத்தில்தான் குவைத்திலிருந்து அண்ணன் ரஃபத் விடுமுறையில் வந்தான். பளபளவென்று ஒரு புது சைக்கிள் வாங்கி வந்து நிறுத்தினான். தங்கைக்கு இன்ப அதிர்ச்சி கொடுக்கிறேன் என்று அவள் தூங்கும்போது பழையதைக் காயலான் கடைக்குத் தள்ளிவிட்டான்.

நேற்று பாலத்து இறக்கத்தில் ஒரு மைக்ரோபஸ் குறுக்கே வந்து நின்றது. ஒரு கை தட்டில். மிச்சமிருந்த கைக்கு அகப்பட்டது முன்சக்கரத்து பிரேக். அழுத்தினாள். சைக்கிள் ஆணி அடித்தது போல நின்றது. தலைமேல் இருந்த இருநூறு ரொட்டிக்கும் நிற்கிற எண்ணமே இல்லை, வந்த வேகத்திலேயே தொடர்ந்து போய் மைக்ரோபஸ்ஸின் முதுகில் மோதி, தெரு முழுக்கச் சிதறின. ஓரத்தில் வடை பொரித்துக்கொண்டிருந்தவன் கரண்டியை ஆட்டிக்கொண்டே கேட்டான்: “நவாலக்கா, நிக்கப் போறோம்னு ரொட்டிகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

சதுக்கத்தில் இலவசமாக நோன்புச் சாப்பாடு போடும் பந்தலுக்கு அந்த ரொட்டி போய்ச் சேரவில்லை. ஏழை எளியவர், வழியில் மாட்டிக்கொண்ட டிரைவர் என்று இருநூறு பேர் ரொட்டி இல்லாமல் நோன்பு திறந்தார்கள். ரொட்டி இல்லாமல் ஒரு எகிப்தியன் கையில் ஸ்பூனைக் கொடுத்தால் அவன் அதை அவமானமாகத்தான் எடுத்துக்கொள்வான்.

மெத்வல்லி சத்தம் போடவில்லை.

“நாளைக்கு ஒரு நாள் பாக்கறேன்,” என்றார். “பாங்கு சொல்றதுக்கு முந்தி பந்தல்ல ரொட்டி இருக்கணும். இல்லேன்னா அதுக்கப்புறம் வேன்தான். நீ தட்டைச் செவுத்துல சாத்தி வச்சிட்டு வீட்டுக்குப் போயிடு.”

இன்று காலையில் நவால் முதல் வேலையாகக் குறடு எடுத்து இரண்டு பிரேக்கின் கம்பியையும் நறுக்கினாள். ரஃபத் வாசலில் நின்று பார்த்தான்.

“கடல் தாண்டிக் கொண்டு வந்தேன். அந்த வண்டியிலேயே ஒசத்தி அந்த பிரேக்தான். அதை வெட்டறியே, உனக்கு மனசாட்சி இருக்கா?”

“ஒசத்திதான் அண்ணே. அதான் வெட்டறேன்.”

“பிரேக் இல்லாம எப்படி நிப்பே?”

“நிக்கறது என்ன பெரிய விஷயம், செவுரு கூட நிப்பாட்டும். மேல இருக்கறதையும் சேர்த்து நிப்பாட்டணும். அதுக்கு மெதுவாத்தான் நிக்கணும்.”

சந்தில் பழைய ரொட்டியை அடுக்கி ஓட்டிப் பார்த்தாள். இன்னொரு வில்லங்கம் காத்திருந்தது. புது டயரில் கட்டை கட்டையாகப் பல். ரப்பர் செருப்பை வைத்ததும் நாய் போலக் கவ்வியது, தட்டு குலுங்கியது. இரண்டு முறை அதே கதை. மூன்றாவது முறை அண்ணனின் காலைப் பார்த்தாள். வழவழவென்று தோல் அடி வைத்த குவைத் செருப்பு.

“கழட்டுங்க.”

“ஏண்டி, வண்டி போச்சு, இதுவுமா?”

தோல் டயரில் வழுக்கிக்கொண்டே பிடித்தது. வேண்டிய அளவு உராய்ந்தது, அதற்கு மேல் முரண்டு பிடிக்கவில்லை. நண்பகலுக்குள் மூன்று கஜத்தில் நிற்கவும் முப்பது கஜத்தில் நிற்கவும் கற்றுக்கொண்டாள். ரஃபத் அவளுடைய ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு முணுமுணுத்தபடி எங்கோ போனான்.

பாங்குக்கு இருபது நிமிடம் இருக்கும்போது தட்டைத் தலையில் ஏற்றினாள். நகரமே வீட்டுக்கு ஓடும் நேரம். பாலத்தின் மேல் கார்கள் அசையாமல் நின்றன, ஹாரன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இடுக்கில் புகுந்து போனவள் நடுப்பாலத்தில் ஒரு வேனைக் கண்டாள். பின்னால் கூடை கூடையாக ரொட்டி. முன்சீட்டில் மெத்வல்லி.

அவளுக்குப் புரிந்தது. ஒரு நாள் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, அவள் விழுவாள் என்ற நம்பிக்கையில் அரை மணி முன்னதாகவே ரொட்டியோடு கிளம்பிவிட்டார் மனுஷன்.

மெத்வல்லி கண்ணாடியை இறக்கினார். “ஒரு பாதுகாப்புக்குத்தான் நவால்…”

“நல்லா உக்காந்திருங்க முதலாளி. காத்தோட்டமா இருக்கு.”

கோபம் காலில் இறங்கிவிட்டது. இரண்டு மிதி அதிகமாக மிதித்துவிட்டாள். இறக்கத்தின் பாதியிலேயே தெரிந்தது, வேகம் மீறிவிட்டது என்று. அடிவாரத்தில், புழுதி அடங்கக் கடைக்காரர்கள் வாசலுக்கு வாசல் தண்ணீர் தெளித்திருந்தார்கள். அந்த ஈரத்தில் சக்கரம் குளித்து எழுந்தது. செருப்பை வைத்தாள். ஈரத்தோல் ஈர டயரில் எண்ணெயாக வழுக்கியது.

நிற்க வழியில்லை. எதிரே சதுக்கம், அதன் ஓரத்தில் பந்தல், பந்தலில் இருநூறு பேர்.

பயந்தாள். பொய் சொல்வானேன், நன்றாகவே பயந்தாள். இடப்பக்கம் மணல் குவியல் இருந்தது. அதில் விட்டால் சைக்கிள் அங்கேயே நிற்கும், நேற்றைய கதைதான். இப்போது அவளும் வண்டியும் ரொட்டியும் ஒரே வேகத்தில் போகிறார்கள், யாரும் யாரையும் இழுக்கவில்லை. அது கெடாதவரை தட்டுக்கு ஆபத்தில்லை. ஆகவே நிற்க முயல்வதை விட்டாள். நடுவில் வட்டமாக இருந்த பூங்காவைச் சுற்றி, கிண்ணத்து விளிம்பில் ஓடும் கோலி போல, அகலமாகச் சாய்ந்து திரும்பினாள். திருப்பத்தில் ரொட்டி வெளியே போகப் பார்த்தது. தட்டையும் தன்னோடு உள்பக்கம் சாய்த்துக்கொண்டாள்.

பந்தல் கொதித்தது. “பாங்கு சொல்லப் போறாங்க, இவ ஊர்வலம் போறா பாரு.” “அம்மா தாயே, சர்க்கஸ் அப்புறம் காட்டு, இறக்கு.”

ஒருவன் மட்டும் அவள் காலைப் பார்த்தான். செருப்பு வழுக்குவதைப் பார்த்தான். தங்கை வருவதைப் பார்க்கப் பந்தலில் வந்து உட்கார்ந்திருந்தவன் எழுந்து, ரப்பர் செருப்பு படபடக்க நடுத்தெருவுக்கு ஓடி, இரண்டு கையையும் விரித்து டாக்சிகளை மறித்தான் ரஃபத். “வழி விடுங்கடா. அவளை நிறுத்தச் சொல்லாதீங்க. சுத்தட்டும், விடுங்க.”

சதுக்கத்துத் தரை காய்ந்திருந்தது, இரண்டாவது சுற்றில் சக்கரமும் காய்ந்தது. தரையும் காற்றும் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றன. மூன்றாவது சுற்றில் தோல் டயரைத் தொட்டுப் பிடித்தது. பந்தலின் முதல் மேஜைக்கு முன்னால், தூளியில் தூங்கும் பிள்ளையை எழுப்பாமல் நிறுத்துவது போல, நவால் நின்றாள். மேல் அடுக்கில் ஒரு ரொட்டிகூட இடம் மாறவில்லை. தட்டை இறக்கி மேஜையில் வைத்தாள். தலை நிமிர்ந்தே இருந்தது. இந்த ஷுப்ராவில் வேறு யாராவது இதைச் செய்து காட்டட்டும் என்று நினைத்தாள். வாய்விட்டுச் சொல்லியும் விட்டாள்.

பந்தலை நடத்தும் ஹாஜியம்மா ரொட்டியைப் பங்கிட்டு முடிக்கவும் பாங்கு எழவும் சரியாக இருந்தது. இருநூறு கை ரொட்டியைப் பிய்த்தது. நவால் மேஜை ஓரத்தில் ஒரு பேரீச்சம்பழத்தைக் கடித்தாள், புளிச்சாற்றைக் குடித்தாள், அவரைக் குழம்பில் தன் ரொட்டியைத் தோய்த்தாள். அண்ணன் எதிரே உட்கார்ந்து அவள் தட்டில் கறித்துண்டைத் தள்ளிக்கொண்டே இருந்தான்.

பாதிச் சாப்பாட்டில் மெத்வல்லி வந்தார். வேனைப் பாலத்திலேயே விட்டுவிட்டு, இரண்டு கக்கத்திலும் ரொட்டிக் கட்டுடன், மூச்சிரைக்க நடந்து வந்திருந்தார். மேஜைகளைப் பார்த்தார். அவர் கட்டைக் கேட்பார் யாருமில்லை.

“நாளைக்கும் சாயந்திரம் அஸர் தொழுகை முடிஞ்சதும் வந்துடு நவால்,” என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. “வேனெல்லாம் வேண்டாம். வருவேல்ல?”

நவால் நிமிரவில்லை. இன்னொரு வாய் ரொட்டியைப் பிய்த்தாள்.

“சாப்பிட்டுட்டுச் சொல்றேன் முதலாளி. உக்காருங்க.”

மெத்வல்லி உட்கார்ந்தார். அவள் மூன்று ரொட்டி சாப்பிட்டாள், ஒன்றையும் அவசரமாக மெல்லவில்லை.