வருதா, தள்ளுதா

மடவளையில் முஹைதீன் ஹாஜியாரின் மேட்டுக் காணியில் குழாய்க் கிணறு தோண்டத் தொடங்கி மூன்றாம் நாள். நூறு மீட்டர் தாண்டியாயிற்று. மெஷின் மர்சூக்குடையது. ஓமானில் எட்டு வருடம் எண்ணெய்க் கிணறு தோண்டிவிட்டு வந்தவர். மடுல்கெல்லத் தோட்டத்து வீரையாவுக்கு அவரிடம் பம்பு வேலை.

பம்பு அனுப்ப, துளைக்குள் போய் மேலே சுற்றி வரும் சேற்றை மர்சூக் மணிக்கொருதரம் சின்னத் தராசில் நிறுப்பார்.

"சேத்தப் போயி நகைக்கடை மாதிரி நிறுக்கிறீங்களே நானா!" என்றான் வீரையா.

"கீழ உள்ள தண்ணி மேல ஏறத்தான் பாக்கும். சேத்துட பாரம் அத அமுக்கி வெச்சிருக்கு. கொறஞ்சா அது ஏறும். கூடினா பாறை வெடிச்சி சேறு உள்ளுக்குப் போயிடும்."

அவன் நம்பியும் நம்பாமலும் சிரித்தான்.

பாங்கு சொன்னால் மெஷின் நிற்க வேண்டும். ஊர் வழக்கம். அன்று நடுப்பகல் லுஹர் பாங்கு கேட்டதும் வீரையா பம்பை நிறுத்தினான். சத்தம் அடங்கியது. துளை வாயில் சேறு அடங்கவில்லை. ததும்பி வழிந்துகொண்டே இருந்தது.

"ஹாஜியார்! தண்ணி வந்துருச்சு!"

ஹாஜியார் தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "அல்ஹம்துலில்லாஹ்! மர்சூக், துளைக்குள்ள ஈக்கிற கம்பியெல்லாம் உருவு. வாறது வரட்டும்."

மர்சூக் குனிந்து பார்த்தார். "இது வரல்ல ஹாஜியார். தள்ளுது."

"ரெண்டும் ஒண்டுதானே?"

"பம்பு ஓடுறப்ப அது தள்ளுற பலமும் சேந்து அமுக்கிச்சி. இப்ப சேறு தனிய நிக்கிது, அதுட பாரம் மட்டும் காணாது. கம்பிய உருவினா முழுசா பீறிடும். கீழ பாருங்க."

கீழே ஹவ்வா உம்மாவின் வீடு. போன மழைக்குச் சரிந்த மேடு சமையல் குசினிச் சுவரோடு பாதியில் நின்றிருந்தது. வழிந்த சேறு அந்தப் பக்கம்தான் இறங்கிக்கொண்டிருந்தது. மண் ஊறினால் மிச்சமும் சரியும்.

"அப்ப மூடிடு!"

"மேல்மண்ணுக்கு அவ்வளவு பலமில்ல. பக்கத்தால பிச்சிக்கொண்டு வரும். வீரையா, பம்பப் போட்டுட்டு உம்மாவக் கூட்டிட்டு வா."

வீரையா பம்பைப் போட்டுவிட்டு இறங்கி ஓடினான்.

"சோறு அடுப்பில ஈக்கிது மகன். வடிச்சிட்டு வாறன்," என்றார் ஹவ்வா உம்மா.

"அடுப்போட தூக்கவா உம்மா?"

கடைசியில் பானையை அவன் தூக்கினான். உம்மா திட்டிக்கொண்டே பின்னால் ஏறினார்.

மேலே மர்சூக் பாரைட் மூட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். இரும்பைப் போல் கனக்கும் கல்மாவு. சேற்றில் கரைத்தால் பாரம் கூடும். ஒரு மூட்டை. தராசு. இன்னொரு மூட்டை. மறுபடி தராசு. சுழன்று வரும் சேற்றையும் தராசு முள்ளையும் மாறி மாறிப் பார்த்தார். குரல் ஒருமுறைகூட உயரவில்லை. ஹாஜியாரின் வெள்ளைச் சட்டை சாம்பலாகியிருந்தது. இருபத்திரண்டாவது மூட்டையும் கரைந்து, கனத்த சேறு முழுச் சுற்றும் வந்து முடியும்போது பின்னேர அஸர் பாங்கு கேட்டது.

"நிப்பாட்டு," என்றார் மர்சூக்.

வீரையாவின் கை ஒரு கணம் தயங்கியது. நிறுத்தினான்.

துளை வாயில் சேறு நடுங்கியது. ஒரு விரலளவு ஏறியது. அதே அளவு இறங்கியது. பிறகு தட்டில் ஊற்றிய கூழ் மாதிரி அசையாமல் கிடந்தது. நூறு மீட்டருக்குக் கீழே ஒரு மலையின் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. இந்த மனிதர் அதைத் தராசில் நிறுத்தே நிறுத்திவிட்டார்.

பாங்கு முடிந்தது.

"வருதா?" என்றார் ஹவ்வா உம்மா, பானைப் பக்கத்தில் இருந்து.

"வரல்ல உம்மா," என்றான் வீரையா, துளை வாயிலிருந்து கண்ணெடுக்காமல். "தள்ளவும் இல்ல."

பிறகு, யாரும் சொல்லாமலே, தராசை எடுத்துத் துடைத்துச் சேற்றை அள்ளினான்.