சீல் போட்டவள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் சடையப்பன் முதலாளிக்கு வார்ப்பிரும்புத் தொழிற்சாலை. கொழும்புக்குப் போகும் பம்பு உதிரிகளைக் கன்டெய்னரில் ஏற்றும்போது சுங்க இன்ஸ்பெக்டர் வீரராகவன் நேரில் நின்று, சரக்கைப் பார்த்து, கதவுக்குச் சீல் வைக்க வேண்டும். சட்டம் அப்படி. அவருக்கோ வெயில் ஆகாது. டெஸ்பாட்ச் பார்க்கும் திலகவதியிடம் சீல்களைக் கொத்தாகக் கொடுத்துவிட்டு, முதலாளியின் ஏசி அறையில் இளநீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். இதற்கு அந்த இரண்டு பெரிய மனிதர்களும் வைத்த பெயர் ஒத்துழைப்பு.

திலகவதிக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலேறி வருகிற தற்காலிக வேலைக்காரி கையில் அரசாங்கத்துச் சீல். முதலில் ஒவ்வொரு கன்டெய்னரையும் எட்டிப் பார்த்துத்தான் பூட்டினாள். போகப்போக, இன்ஸ்பெக்டரே பார்க்காததை நாம் ஏன் பார்க்க வேண்டும் என்று விட்டுவிட்டாள். பாவி, அங்கேதான் சறுக்கினாள்.

2006 ஜனவரியில் சுங்க தின விழா. நல்ல ஒத்துழைப்புக்காகச் சடையப்பனுக்குக் கேடயம் கொடுத்தார்கள். வீரராகவன் எல்லோர் முன்னாலும் திலகவதியைப் பார்த்துச் சிரித்தார்.

“ஷீல்டு உனக்குத்தாம்மா குடுக்கணும். சீல் போடறது நீதான?”

முதலாளியும் சிரித்து, ஏப்ரலில் அவளை நிரந்தரமாக்கிவிடுவதாகச் சொன்னார். அன்று அவள் வீட்டுக்கு அல்வா வாங்கிப் போனாள்.

மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் ஒரு கன்டெய்னரைத் திறந்தார்கள். பம்பு உதிரிகளுக்கு அடியில் செம்மரக் கட்டைகள். ஆந்திர எல்லை கூப்பிடு தூரம். கட்டை எப்படி வந்தது என்று முதலாளியை அல்லவா கேட்க வேண்டும்? கூப்பிட்டது திலகவதியை. ஜெயிலுக்குப் போகிற கேஸ் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள்.

அதே ஏசி அறை. அலமாரியில் கேடயம். சென்னையிலிருந்து வந்த பெரிய அதிகாரியிடம், தன் பையிலிருந்து சீல் திருட்டுப் போனதாக வீரராகவன் சொன்னார். இவளை நம்பி மோசம் போனதாக முதலாளி சொன்னார். ஒருவர் தொடங்கியதை மற்றவர் முடித்துவைத்தார். அப்படியொரு ஒத்துழைப்பை அவள் அதுவரை பார்த்ததில்லை.

“சார், அவருதான் சார் சீலைக் குடுத்துட்டுப் போவாரு. மொதலாளி மூடிவச்ச பொட்டிக்குத்தான் நான் போட்டேன்,” என்றாள்.

யார் பார்த்தது என்று அதிகாரி கேட்டார். இளநீர் வெட்டிக் கொடுத்த வாட்ச்மேன் முனுசாமி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“அதெல்லாம் இருக்கட்டும்மா,” என்றார் வீரராகவன், விழாவில் பேசிய அதே குரலில். “சீல் போட்டது நீதான?”

“ஆமா சார்.”

பெரிய அதிகாரி அதை மட்டும் எழுதிக்கொண்டார்.